ஐந்து டாலர் போர்வை, மூன்று டாலர் படம்

அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிறந்து, ஆயுள் முழுக்க அடுப்படியையும் நிலத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, இடையில் கிடைத்த பொழுதில் ஊசி பிடித்த பெண்கள் எத்தனையோ லட்சம் பேர். அவர்கள் தைத்த துணி உடுத்தியே தேய்ந்தது, போர்த்தியே கிழிந்தது. துணியோடு பெயரும் போயிற்று. தப்பி நின்ற சில பெயர்களில் இரண்டை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர், ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகருக்கு அருகே வாழ்ந்த ஹாரியட் பவர்ஸ் (1837–1910). மற்றவர், நியூயார்க் மாநிலத்தின் ஈகிள் பிரிட்ஜில் வாழ்ந்த அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் (1860–1961). உலகம் இவரை ‘கிராண்ட்மா மோசஸ்’ என்று அறியும்.

இருவரும் குடியானவக் குடும்பத்து இல்லத்தரசிகள். இருவரும் ஊசி வேலையில் தேர்ந்தவர்கள். எந்தக் கலைப் பள்ளியிலும் படித்தவர்கள் இல்லை. ஐம்பது ஆண்டுகள் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். ஆனால் ஒருவருடைய வாழ்க்கை, அவரே சொன்ன புத்தகமாக நம் கையில் இருக்கிறது. மற்றவருடைய வாழ்க்கையை இரண்டு போர்வைகள், ஒரு புகைப்படம், ஒரு கடிதத்தின் நகல், சில அரசுப் பதிவுகள் ஆகியவற்றிலிருந்து சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இந்த ஒப்பாய்வின் கேள்வி.

இரண்டு இளமைகள்

ஹாரியட் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பின அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவதை 1829லேயே சட்டம் போட்டுத் தடுத்த மாநிலம் ஜார்ஜியா. பதினெட்டு வயதில், 1855இல், ஆர்ம்ஸ்டெட் பவர்ஸை மணந்தார். அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. கணவனை ஒரு பக்கமும் மனைவியை ஒரு பக்கமும் விற்கும் உரிமை எஜமானுக்கு இருந்தது. 1865இல் விடுதலை வந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. அதற்குள் அவர் தாயாகியிருந்தார்.

அன்னா மேரி பத்துக் குழந்தைகளில் ஒருவராகப் பிறந்தார். தகப்பனார் விவசாயி, ஆளிநார் ஆலையும் நடத்தியவர். பிள்ளைகள் வரைவதற்கு அவர் வெள்ளைத் தாள் வாங்கிக் கொடுப்பார். சாயம் வாங்க வசதியில்லாததால் திராட்சைச் சாற்றையும் பழச்சாற்றையும் தொட்டு வண்ணம் தீட்டுவார்கள். பன்னிரண்டு வயதில் அன்னா மேரி பக்கத்துக் குடும்பமொன்றில் கூலிக்கு வீட்டுவேலை செய்யப் போனார். அப்படி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பிறர் வீடுகளில் சமைத்தார், துவைத்தார், தைத்தார்.

இரண்டுமே பிறர் வீட்டு வேலைதான். ஆனாலும் இவற்றைச் சமமாக வைக்க முடியாது. அன்னா மேரிக்குக் கூலி இருந்தது, வேலையை விட்டுப் போகும் உரிமை இருந்தது, வேலை பார்த்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகவும் வாய்ப்பிருந்தது. ஹாரியட்டுக்கு இந்த மூன்றுமே இல்லை. இருவரைப் பற்றியும் நமக்கு எவ்வளவு தெரியும் என்பதில் பின்னால் வரப்போகும் ஏற்றத்தாழ்வு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

கணக்கில் ஏறாத உழைப்பு

1870, 1880 ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சொந்தக் குடும்பத்துக்காகக் கூலியில்லாமல் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு, தொழில் என்ற இடத்தில் ‘வீடு நடத்துதல்’ என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். கோழி வளர்ப்பு, வெண்ணெய் கடைதல், சோப்புக் காய்ச்சுதல், ஊறவைத்துப் பதப்படுத்துதல், வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் துணி தைத்தல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போயின.

ஹாரியட் குறைந்தது ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார். விடுதலைக்குப் பிறகு கணவனும் மனைவியும் பாடுபட்டு, 1880களில் நான்கு ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அடிமையாக இருந்தவர்களுக்கு அது சின்ன சாதனை இல்லை. ஆனால் அந்த நிலம் நிலைக்கவில்லை. 1890களில் பணமுடை நெருக்க, கொஞ்சம் கொஞ்சமாக விற்றார்கள். 1895இல் ஆர்ம்ஸ்டெட் அந்தப் பண்ணையை விட்டுப் போனார். ஹாரியட் அங்கேயே தங்கி, பெரும்பாலும் தையல் வருமானத்தைக் கொண்டே காலம் தள்ளினார் என்று தெரிகிறது. அறுபதை நெருங்கும் வயதில் ஊசிதான் அவருக்குச் சோறு போட்டது.

அன்னா மேரி 1887இல் தாமஸ் சால்மன் மோசஸை மணந்து வர்ஜீனியாவின் ஷெனான்டோவா பள்ளத்தாக்குக்குப் போனார். கணவரின் சம்பாத்தியத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. தன் சேமிப்பில் ஒரு பசு வாங்கி, வெண்ணெய் கடைந்து விற்றார். உருளைக்கிழங்கு சிப்ஸ் வறுத்து விற்றார். பெற்ற பத்துக் குழந்தைகளில் ஐந்துதான் பிழைத்தன. 1905இல் குடும்பம் நியூயார்க் பக்கம் திரும்பி ஈகிள் பிரிட்ஜில் பண்ணை வாங்கியது. 1927இல் கணவர் இறந்தார்.

பிள்ளைகளைப் பறிகொடுத்தல், நிலத்தோடு போராட்டம், கணவன் இல்லாத பிற்காலம். இந்த மூன்றும் இருவருக்கும் பொது. ஹாரியட்டுக்குக் காலூன்ற நிலம் குறைந்துகொண்டே வந்தது, அன்னா மேரிக்குப் பிள்ளைகள் நடத்தும் பண்ணை வீடு இருந்தது. முதுமையில் ஒரு பெண்ணுக்குத் தன் விருப்பத்துக்கென்று நேரம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே.

ஊசி என்ன சொன்னது

ஹாரியட்டின் கைவேலையில் இன்று இருப்பவை இரண்டு போர்வைகள். முதலாவது, ‘பைபிள் போர்வை’. ஏறத்தாழ ஆறேகால் அடிக்கு ஏழரை அடி. பருத்தித் துணியில் மனிதர், விலங்கு, சூரியன், நட்சத்திரம் ஆகிய உருவங்களை வெட்டி, அடித்துணிமேல் வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலை. கையாலும் தைத்திருக்கிறார், தையல் மிஷினிலும் தைத்திருக்கிறார். ஏதேனில் ஆதாம் ஏவாள், ஆபேலைக் காயீன் கொல்வது, யாக்கோபின் கனவு, இயேசுவின் ஞானஸ்நானம், சிலுவைப்பாடு, கடைசி இராப்போஜனம் என்று பதினொரு கட்டங்கள். யூதாஸ் நிற்கும் கட்டத்தில் முப்பது வெள்ளிக்காசுகளை வட்டங்களாகத் தைத்து, அவன் காலடியில் ஒரு பெரிய வட்டத்தையும் வைத்தார். அது முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு 1886இல் தோன்றிய நட்சத்திரம் என்று அவரே விளக்கினார். வேதக்கதைக்குள் தன் காலத்து வானத்தைக் கொண்டுவந்து சேர்த்த பெண் இவர்.

இரண்டாவது, 1895க்கும் 1898க்கும் இடையில் செய்த ‘சித்திரப் போர்வை’. இதில் பதினைந்து கட்டங்கள். மோசே, யோபு, யோனாவோடு ஊர் பேசிய சம்பவங்களும் இடம்பிடித்தன. 1780 மே மாதம் பட்டப்பகலில் வானம் இருண்ட நாள் ஒரு கட்டம். 1833 நவம்பரில் எரிகற்கள் மழையாகப் பொழிந்த இரவு ஒரு கட்டம். 1895இன் கொடுங்குளிரில் மனிதர்கள் விறைத்து மாண்ட வியாழக்கிழமை ஒரு கட்டம். ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரைக்கும் 500 மைல் ஓடிய பெட்ஸ் என்ற பன்றிக்கும் இடம் கொடுத்தார். இருண்ட நாளும் எரிகல் மழையும் அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை. முன்னோர் வாய்வழியாகக் கேட்டதைத் துணியில் பதித்திருக்கிறார். எழுதப் படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வரலாற்றுப் புத்தகம் என்று இந்தப் போர்வையைச் சொன்னால் மிகையாகாது. உருவங்களை வெட்டி ஒட்டும் முறையில், மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமி நாட்டு அப்ளிக் துணிகளோடு இதற்கு ஒற்றுமை இருப்பதை ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

அன்னா மேரியின் ஊசி வேறு வழியில் போயிற்று. 1932இல் நோயுற்ற மகளைப் பார்த்துக்கொள்ள பென்னிங்டன் ஊருக்குப் போனபோது, எங்கோ பார்த்த ஒரு கம்பளி நூல் சித்திரத்தைப் போலச் செய்து தரும்படி மகள் கேட்டார். தாய் செய்துகொடுத்தார். அதிலிருந்து கம்பளி நூலால் மலை, ஓடை, வீடு என்று தைத்துச் சொந்தபந்தங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கீல்வாதத்தால் விரல்கள் ஊசிக்கு இடம் கொடுக்காமல் போக, தூரிகை பிடிப்பது சுலபம் என்று தங்கை செலஸ்டியா சொன்னார். எழுபத்தைந்து கடந்த வயதில் அன்னா மேரி படம் வரையத் தொடங்கியது அப்படித்தான்.

படம் வரைந்தபோதும் அவர் கை தையல்காரியின் கையாகவே இருந்தது. பழைய சட்டத்தை முதலில் தேடி எடுப்பார், அதன் அளவுக்குப் பலகையை வெட்டுவார். உடம்பின் அளவெடுத்துத் துணி வெட்டும் பழக்கம் அது. பலகைக்கு வெள்ளை அடித்து, மேலிருந்து கீழாக வருவார்: வானம், மலை, மரங்கள், வீடுகள், கடைசியில் ஆடுமாடும் ஆட்களும். நூலிழைகளை அடுத்தடுத்து வைத்து நிறம் காட்டிய பயிற்சி, ஒரு மலைச்சரிவைப் பல பச்சைகளாகப் பிரித்துப் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. மேப்பிள் பாகு காய்ச்சுதல், ஆப்பிள் பதப்படுத்துதல், துணி துவைக்கும் நாள், பெண்கள் கூடிப் போர்வை தைக்கும் நாள். மக்கள்தொகைக் கணக்கில் ‘வீடு நடத்துதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் முடங்கிய வேலைகள் ஒவ்வொன்றும் அவர் பலகையில் தனித்தனியாக எழுந்து நின்றன.

ஹாரியட் தைத்தது வேதமும் வானமும் ஊர் நினைவும். அவர் போர்வையில் அவருடைய அடுப்போ வயலோ இல்லை. அன்னா மேரி வரைந்தது தானும் தன்னைப் போன்றவர்களும் வாழ்ந்த அன்றாடம். ஒருவர் தன் மக்களின் நினைவைக் காத்தார், மற்றவர் தன் நினைவைக் காத்தார். இல்லத்தரசி என்றால் வீட்டு வாசலோடு அவள் சிந்தனை முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஹாரியட் பதில். வீட்டு வாசலுக்குள் நடப்பதில் கலைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அன்னா மேரி பதில்.

விற்பனை நடந்த விதம்

இருவரையும் யாரோ ‘கண்டுபிடித்தார்கள்’ என்றே கதை சொல்வது வழக்கம். நடந்ததைப் பார்த்தால், இருவருமே தங்கள் வேலையைத் தாங்களே ஊர் முன்னால் கொண்டுபோய் வைத்தவர்கள்.

ஹாரியட் 1886இல் ஏதென்ஸ் பொருட்காட்சியில் பைபிள் போர்வையைப் பார்வைக்கு வைத்தார். லூசி காப் பெண்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் அதைக் கண்டு, வீடு தேடிப் போய் விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தர மாட்டேன் என்றார் ஹாரியட். சில ஆண்டுகளில் கையில் காசில்லாத நிலை வந்தது. ஒரு நாள் மாட்டு வண்டியில் ஸ்மித்தின் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மடியில் போர்வை. அதைச் சுத்தமான மாவுப் பையில் போட்டு, அதற்கு மேல் கோணியும் சுற்றியிருந்தார். பத்து டாலர் கேட்டார். ஸ்மித்திடம் இருந்தது ஐந்து. வெளியே காத்திருந்த கணவரிடம் கலந்து பேசிவிட்டு, காலம் கெட்டுக் கிடப்பதால் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். போர்வையைக் கொடுத்துவிட்டு அப்படியே போய்விடவில்லை. ஒவ்வொரு கட்டமும் எதைச் சொல்கிறது என்று விளக்கிவிட்டுத்தான் போனார். பின்னால் பலமுறை வந்து அதைப் பார்த்துப் போனார்.

அன்னா மேரியின் படங்கள் முதலில் ஊர்ச் சந்தைக் காட்சியில் அவர் செய்த ஜாமோடு சேர்ந்து வைக்கப்பட்டன. பரிசு கிடைத்தது ஜாமுக்குத்தான். பிறகு ஹூசிக் ஃபால்ஸ் ஊரில் ஒரு மருந்துக்கடையில் தொங்கின. விலை மூன்று டாலர், பெரிய படமென்றால் ஐந்து டாலர். 1938இல் லூயிஸ் கால்டர் என்ற சேகரிப்பாளர் அந்த வழியாகப் போனவர், அங்கிருந்த அத்தனையையும் வாங்கிக்கொண்டார். 1939இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அறியப்படாத ஓவியர்களின் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. 1940 அக்டோபரில், வியன்னாவிலிருந்து வந்து குடியேறிய ஓட்டோ கலியர் தன் காட்சிக்கூடத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தார். அப்போது அவருக்கு வயது எண்பது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளியில் இருவரின் கைவேலைக்கும் கிடைத்த முதல் விலை ஏறக்குறைய ஒன்றுதான். அதன் பிறகு பாதை பிரிந்தது. ஹாரியட்டுக்குக் கிடைத்த ஐந்து டாலரோடு கணக்கு முடிந்தது. அன்னா மேரிக்கு அந்தச் சில டாலர்கள் தொடக்கமாயின.

எழுதி வைத்தவர்கள்

ஜென்னி ஸ்மித்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர் அந்த விளக்கங்களைக் குறித்து வைக்காமல் போயிருந்தால் யூதாஸின் காலடி நட்சத்திரம் வெறும் வட்டத் துணியாகவே நமக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் குறித்தது போர்வையைப் பற்றி. ஹாரியட்டுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும் என்று உத்தேசமாக எழுதினார். உண்மையில் அப்போது ஹாரியட் ஐம்பதுகளின் நடுவில் இருந்தார். உள்நாட்டுப் போருக்கு முந்தைய நாட்களைப் பற்றிப் பேசப் பிரியப்படுபவர் என்றும் எழுதினார். அந்தப் பேச்சில் நம் கைக்கு வந்து சேர்ந்தது மிகக் கொஞ்சம். பேச ஒருவர் ஆவலாக இருந்தார். கேட்டவர் போர்வைக்கு அப்பால் கேட்கவில்லை.

அன்னா மேரிக்கு வாய்த்த ஓட்டோ கலியர் வேறு மாதிரி. படங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் வைத்தார். அன்னா மேரியும் படத்தின் பின்பக்கம் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை ஒட்டி, கணக்குப் புத்தகம் வைத்திருந்தார். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் இப்படிப் பட்டியலில் ஏறின. கலியர் தூண்டுதலில் அவர் எழுதிய தன்வரலாறு 1952இல் வெளிவந்தது. 1949இல் அதிபர் ட்ரூமன் கையால் விருது பெற்றார். 1955இல் செய்தியாளர் எட்வர்ட் மரோ தொலைக்காட்சியில் அவரைப் பேட்டி எடுத்தார். நூறாவது பிறந்தநாளுக்கு நியூயார்க் ஆளுநர் தனி நாள் அறிவித்தார். 1961 டிசம்பரில் 101ஆவது வயதில் இறந்தபோது, அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரும் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

ஹாரியட்டை நாம் தேட வேண்டியிருந்தது. பைபிள் போர்வை 1969இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்தது. சித்திரப் போர்வை 1964இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வந்தது. அவர் 1910 ஜனவரி 1இல் இறந்தார் என்பது, ஏதென்ஸின் காஸ்பல் பில்கிரிம் கல்லறைத் தோட்டத்தில் 2005இல் அவர் கல்லறை கிடைத்த பிறகே உறுதியாயிற்று. 2009இல் இன்னொரு வெளிச்சம் கிடைத்தது. 1896இல் அவர் அயோவா மாநிலத்துப் பெண்ணொருவருக்கு எழுதிய கடிதத்தின் நகல் வெளிப்பட்டது. அவரை எழுத்தறிவில்லாதவர் என்றே அதுவரை ஆய்வாளர்கள் எழுதிவந்தார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும், வேறு போர்வைகளும் செய்திருக்கிறார் என்று அந்தக் கடிதம் காட்டியது. நூறாண்டுக்கும் மேலாக அவரைப் பற்றிச் சொல்லிவந்த ஒரு பொய், அவருடைய சொந்தச் சொற்களாலேயே முறிந்தது.

ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது. அதில் அவர் அணிந்திருக்கும் ஏப்ரனிலும் நட்சத்திரம் போன்ற உருவங்களை அப்ளிக்காகத் தைத்திருக்கிறார். படம் பிடித்தவர் முன்னால் தன் தொழிலை உடுத்திக்கொண்டு நின்ற பெண் தன்னைப் பற்றி அறிவிக்க விரும்பாதவராக இருக்க முடியாது.

பெயரும் பலனும்

இருவர் வேலையும் பின்னாளில் பெருமளவில் நகலெடுக்கப்பட்டது. அன்னா மேரியின் படங்கள் ஹால்மார்க் வாழ்த்து அட்டைகளில் வந்தன, 1969இல் ஒரு படம் தபால்தலையிலும் வந்தது. படங்களின் பலனில் அவருக்கும் பங்கு இருந்தது. ஹாரியட்டின் பைபிள் போர்வையை 1990களின் தொடக்கத்தில் ஸ்மித்சோனியன் அனுமதியோடு சீனாவில் நகலாகத் தைத்து விற்றார்கள். அமெரிக்கப் போர்வைத் தையல் பெண்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். தன் கையால் செய்ததைப் பத்து டாலருக்குக்கூட விற்க முடியாத பெண்ணின் வேலை அது என்பதை நினைத்தால் அந்த எதிர்ப்பின் நியாயம் விளங்கும். அவருடைய இரண்டு போர்வைகளும் ஒரே கூரையின் கீழ் முதன்முறையாகச் சேர்ந்தது 2021இல், பாஸ்டன் கண்காட்சி ஒன்றில்.

ஒப்பீடு காட்டுவது

நீண்ட ஆயுள் இருந்ததால் மோசஸ் நினைக்கப்பட்டார் என்று சொல்லிவிடலாம். நூற்றியொரு வயது பெரிய ஆயுள்தான். ஆனால் எழுபத்திரண்டு வயதும் சிறிய ஆயுள் அல்ல. திறமையில் ஏற்றத்தாழ்வு என்றும் சொல்ல முடியாது. அருங்காட்சியகங்கள் இருவரையும் இன்று ஒரே மரியாதையோடு வைத்திருக்கின்றன. பேசும் விருப்பத்திலும் குறைவில்லை. வேறுபாடு எதிரே உட்கார்ந்தவர்களிடம் இருந்தது. ஒருவரிடம் அவர் பிறப்பையும் வேலையையும் இழப்பையும் கேட்டு, எண் போட்டு, பெயர் போட்டு, அவர் சொல்லிலேயே அச்சிட்டார்கள். மற்றவரிடம் பொருளை வாங்கிக்கொண்டார்கள், விளக்கத்தையும் வாங்கிக்கொண்டார்கள், வாழ்க்கையைக் கேட்காமல் விட்டார்கள். கேட்கத் தோன்றாததற்கு நிறமும் அடிமைமுறை விட்டுச்சென்ற பழக்கமும் காரணம்.

வீட்டையும் தையலையும் வாழ்வாகக் கொண்ட பெண்கள் ஊமைகள், அவர்கள் காலம் தடமில்லாமல் போவது இயல்பு என்ற எண்ணம் நம்மிடமும் உண்டு. இந்த இருவரையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த எண்ணம் நிற்காது. அவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள், துணியாலும் வாயாலும். நம் வீட்டிலும் தெருவிலும் மிஷின் மிதித்துக் குடும்பம் காத்த அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ இன்னும் இருந்தால், முதல் மிஷினை எந்தக் காசில் வாங்கினார், யாருக்கெல்லாம் கூலியில்லாமல் தைத்துக் கொடுத்தார், பிறந்தது எந்த ஆண்டு என்று இன்றே கேட்டு, அவர் பேச்சு மாறாமல் எழுதி, அவர் பெயரையும் ஆண்டையும் போட்டு வைக்க வேண்டும். ஜென்னி ஸ்மித் பாதியில் விட்ட வேலை அது. அதை முடிக்க அருங்காட்சியகம் தேவையில்லை. கேட்கிற ஒரு ஆள் போதும்.